ராசம்மாள் கல்லும் பஸ் வந்த வழியும்

எங்கள் கடைக்கு மேலேதான் வேம்பம்பதி பஞ்சாயத்து போர்டு இருந்தது. மேலே என்றால் உண்மையாகவே தலைக்கு மேலே. கீழே என் வீட்டுக்காரர் மொய்துவின் அரிசிக்கடை, மேலே பலகை மச்சு. அந்த மச்சில் இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, கதவு சரியாகச் சாத்தாத ஓர் அலமாரி, சுவரில் ஒரு காந்தி படம். எங்கள் ஊர் சர்க்கார் மொத்தமும் அவ்வளவுதான். போர்டுக்குச் சொந்தமாகக் கட்டடம் கட்ட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் தீர்மானம் போடுவார்கள். போட்டுவிட்டு எங்கள் மரப்படியில் தடதடவென்று இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கூட்டம் எப்போதும் வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜும்ஆ தொழுகைக்கு அடைத்த கடையைப் பொழுது சாயத்தான் திறப்போம். மூட்டை இழுக்கிற சத்தம் இருக்காது என்று அந்த நாளைப் பிடித்து வைத்திருந்தார்கள். எங்கள் சத்தம் அவர்களுக்கு ஆகாது. அவர்கள் சத்தம் எங்களுக்கு ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை.

மேலே பேச்சு சூடு பிடித்தால் யாராவது காலை ஓங்கி மிதிப்பார்கள். மிதித்தால் பலகை இடுக்கில் இருக்கிற தூசி பொலபொலவென்று கீழே திறந்து வைத்திருக்கும் அரிசியில் கொட்டும். சாக்கடை விஷயம் என்றால் கொஞ்சம் போலத் தூசி. சந்தைக் குத்தகை என்றால் அரிசியைத் திரும்பப் புடைக்க வேண்டும். "இன்னிக்கு போர்டு ஜோரா நடக்குது போல" என்று என் வீட்டுக்காரர் மூட்டை மேல் துணியை இழுத்துப் போடுவார். நான் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, கல் பொறுக்குகிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஊரில் போர்டு நடவடிக்கை முழுவதும் தெரிந்த ஒரே பெண்பிள்ளை நான்தான். கௌலத்திடம் கேட்டால் தெரியும் என்று கிணற்றடியில் எனக்கு ஒரு மரியாதையே இருந்தது.

இப்போது போர்டுக்கு மொசைக் தரை போட்ட கட்டடம் இருக்கிறது. மேலே விசிறி சுற்றுகிறது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று வெளியே ஓர் எழுத்தும் கேட்காது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு எங்கள் பழைய மச்சுதான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தூசிக்கு நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். இன்றைக்கு அது கொஞ்சம் தலையில் விழுந்தால் தேவலை என்று இருக்கிறது.

பிரசிடெண்டு நல்லதம்பி. எதையும் உடனே முடிக்கக் கூடாது என்பதில் உறுதியான மனுஷர். கிளார்க் சுவக்கீன், கோழிப்பாறைப் பக்கத்து மாதா கோயில்காரர். வெறிநாய் பிடிக்கிற விஷயத்தைக்கூடப் பூசையில் வாசிக்கிற மாதிரி இழுத்து இழுத்து வாசிப்பார். என் வீட்டுக்காரரின் அண்ணன் மம்மது மச்சான் ஒரு மெம்பர். சந்தையில் கருவாட்டு வியாபாரம். கீழே விழும் தூசியில் பாதி அவர் காலுடையது. இன்னொரு மெம்பர் ஆறுச்சாமி. இன்னும் சிலரும் இருந்தார்கள், அவர்கள் டீ வருகிற வரைக்கும் பேச மாட்டார்கள், வந்த பிறகும் பேச மாட்டார்கள்.

போர்டு எடுத்த முடிவைச் சந்தையில் தமுக்கடித்துச் சொல்வது மொக்கையன் வேலை. மேலே என்ன நடந்தாலும் அவன் அடிப்பான். "தெருவிளக்கு விசயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வெச்சாச்சு" என்பதையும் ஊரைக் கூட்டித்தான் சொல்வான். ஜனங்களும் நின்று கேட்டு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த போர்டில் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. எந்த வார்டு விஷயமோ அந்த வார்டு மெம்பர்தான் முன்மொழிய வேண்டும். முன்பு ஒரு தடவை ஒருத்தர் வார்டு வாய்க்காலைப் பற்றி இன்னொருத்தர் தீர்மானம் கொண்டு வந்து, அது கைகலப்பாகி, என் வீட்டு டீ கிளாஸ் எல்லாம் நொறுங்கியது. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. வார்டு மெம்பர் வாயைத் திறக்காவிட்டால் அந்த விஷயம் நகராது. சட்டத்தில் அப்படி இல்லை என்று சுவக்கீன் சொல்லிப் பார்த்தார். சட்டம் மெட்ராஸில் இருக்கிறது, கிளாஸ் இங்கே இருக்கிறது என்றாராம் பிரசிடெண்டு.

ஆறுச்சாமி மேலே போனால் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். எல்லாம் முடிந்து, எல்லோரும் துண்டை உதறித் தோளில் போடுகிற நேரத்தில் அவர் குரல் வரும். "பஸ்ஸு விசயம் என்னாச்சுங்க?" எழுதிப் போட்டிருக்கிறது என்று பிரசிடெண்டு சொல்வார். மாசம் தவறாமல் இந்தக் கேள்வி, மாசம் தவறாமல் இந்தப் பதில். எனக்குக் கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

அவர் ஏன் கேட்கிறார் என்று ஊருக்கே தெரியும். அவர் பெண்சாதி ராசம்மாளுக்கு நிறைமாசத்தில் பிள்ளை குறுக்கே கிடந்தது. மாட்டு வண்டியில் போட்டுப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வண்டி எலப்புள்ளியைக்கூடத் தொடவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு வழியிலேயே போய்விட்டாள். நான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வருவதற்கு முன்னால் நடந்தது அது.

வயிற்றில் பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கி வைப்பது அவர்கள் வழக்கம். இரண்டு கல்லை ஆள் மார்பு உயரத்துக்கு நட்டு, மேலே ஒரு பட்டைக் கல்லைக் கிடத்துவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் அதில் சுமையை இறக்கி, இளைப்பாறி, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். செத்தவள் சுமையோடு போயிருக்கிறாள். வழிப்போக்கர் ஒவ்வொரு தடவை சுமையை இறக்கும்போதும் அவளுக்கும் கொஞ்சம் இறங்குமாம். ஆறுச்சாமி அந்தக் கல்லை எலப்புள்ளி ரோட்டு வளைவில் வைத்தார். ராசம்மா கல்லு என்று பெயராகிவிட்டது. சந்தைக்குப் போகிற விறகுக்கட்டும் புல்லுக்கட்டும் மம்மது மச்சானின் கருவாட்டுக் கூடையும் அதில் இறங்கித்தான் போகும். நான் டவுனில் வளர்ந்தவள். எனக்கு முதலில் இது விளங்கவில்லை. விளங்கிய பிறகு அந்த வழியாகப் போகும்போது கையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தாலும் அதில் வைத்து எடுத்துக்கொண்டுதான் போவேன்.

கடைசியில் பஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்தே விட்டார். ஆறுச்சாமி கேட்டுக் கேட்டு வாய் வலித்த பஸ். பாண்ட் போட்ட அந்த மேனேஜர் டேப்பை இழுத்து ரோட்டை அளந்தார். எல்லாம் சரி, அந்த வளைவில்தான் வண்டி திரும்பாது என்றார். கல்லை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் அகலமாக்க வேண்டும். மழை பிடிப்பதற்குள் ஆக்கித் தந்தால் பஸ், இல்லாவிட்டால் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

எதிர்ப் பக்கம் அகலமாக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் எங்கள் ஊரின் தலையெழுத்து. ரோட்டுக்கு இந்தப் பக்கம் மலபார், மெட்ராஸ் சர்க்கார். எதிர்ப் பக்க வாய்க்காலைத் தாண்டினால் கொச்சி. பெயர் திரு-கொச்சி என்று மாறியிருந்தாலும் எங்களுக்குக் கொச்சிதான். நல்லேப்பிள்ளியும் சித்தூரும் அந்தப் பக்கம். எங்கள் மாடு அங்கே போய் மேய்ந்துவிட்டு இங்கே வந்து சாணி போடும், அதை யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் போர்டு அங்கே ஒரு கூடை மண்ணை எடுத்தால் இரண்டு சர்க்காரும் கேட்கும்.

அந்த மாசக் கூட்டத்தில் சுவக்கீன் விஷயத்தை வாசித்தார். வளைவு ஆறுச்சாமியின் வார்டு. அவர்தான் முன்மொழிய வேண்டும். நான் முறத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. பெஞ்சு முனகக்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து பிரசிடெண்டு தொண்டையைச் செருமி, இதை அப்புறம் பார்ப்போம், வெறிநாய் விஷயம் என்னாச்சு என்றார். அன்றைக்கு வெறிநாயைப் பற்றி அவர்கள் பேசிய மாதிரி எந்த நாட்டு போர்டும் பேசியிருக்காது.

கடைசியில் எல்லோரும் துண்டை உதறினார்கள். ஆறுச்சாமி ஒன்றும் கேட்கவில்லை. பஸ் விஷயம் என்னாச்சு என்று அவர் கேட்காமல் இறங்கிப் போன முதல் கூட்டம் அதுதான்.

அடுத்த கூட்டத்திலும் அப்படியே. அதற்குள் பிரசிடெண்டு கொச்சி சர்க்காருக்கு ஒரு மனு அனுப்பியிருந்தார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. பரிசீலனை என்றால் என்ன என்று எங்கள் போர்டுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மம்மது மச்சான் கீழே வந்து என் வீட்டுக்காரரிடம் குதித்தார். பஸ் வந்தால் அவர் கருவாடு பாலக்காடு வரைக்கும் போகும். அவ்வளவு ஆத்திரம் இருந்தும் மேலே அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "அவன் மூஞ்சியப் பாத்துட்டு எப்படிடா கேக்கறது?" என்றார் மச்சான். கருவாட்டுக்காரருக்கு இவ்வளவு மனசு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் இருந்தது. ஒளிப்பானேன். நான் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அதற்கு முந்தின வருஷம் பிறந்த என் தலைப்பிள்ளை உயிரில்லாமல்தான் பிறந்தது. தாய் வீடு என்று போக எனக்கு யாரும் இல்லை. அத்தாவும் அம்மாவும் போய், டவுன் வீடும் கைமாறிவிட்டது. மருத்துவச்சி சுருளியம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் என் மாமியாரைத் தனியாகக் கூப்பிட்டு, ராசம்மாளுக்குப் போல இதுவும் குறுக்கேதான் கிடக்கிறது, வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றாள். எப்படிப் போவது? அதே ரோடு, அதே மாட்டு வண்டி. அரிசி பொறுக்கும்போதெல்லாம் மேலே அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு, யா அல்லாஹ், இவர்கள் வாயைத் திறக்க மாட்டார்களா என்று நான் அழுதிருக்கிறேன். போய்க் கேட்கலாம். கேட்க வாய் வராது. செத்தவள் கல்லை எடுங்கள், நான் பிழைக்க வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது?

மழைக்கு முந்தின கடைசிக் கூட்டம் வந்தது. மொக்கையன் அன்றைக்கு வெறிநாய்க்குத் தமுக்கடிக்கப் போயிருந்தான். டீயை மேலே கொண்டு போக ஆள் இல்லை. நான் டீ இருந்த தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் நின்று, ஏறுவதா வேண்டாமா என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஆறுச்சாமி தாமதமாக வந்தார். என்னைப் பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதெல்லாம் நீங்க தூக்கக் கூடாதுங்கம்மிணி. இங்க குடுங்க."

"மொக்கையன் இல்லீங்ண்ணா" என்றேன்.

பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் ஏறவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் பேசுகிறாரா பாத்திரத்திடம் பேசுகிறாரா என்று தெரியாமல் பேசினார்.

"சுருளியம்மா சொல்லுச்சுங்க. உங்களுக்கும் குறுக்கத்தான் கெடக்குதாமா."

நான் தலையசைத்தேன்.

"அன்னிக்கு அந்த வளைவுல வண்டி போறப்ப, என்னைய எறக்கி உடுங்க, செத்த நேரம் எறக்கி உடுங்கன்னு கேட்டாளுங்க. நேரமாச்சு, கம்முனு கெடன்னு மாட்டை முடுக்கினேன். அடுத்த மைல்கல்லு தாண்டலீங்க." அவர் நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டார். "அவ எறக்கி உடச் சொன்ன எடமுங்க அது. நானே அதைப் பேத்து எடுன்னு எப்படிங்க சொல்லுவேன்? பஸ்ஸு வந்துட்டா அப்பறம் அந்த வழியில சுமையோட ஆரு நடப்பா? அவளுக்கு ஆரு எறக்கி வெப்பா?"

என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. வயிற்றில் பிள்ளை ஒரு புரள் புரண்டது. நான் கையை வயிற்றில் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

நான் அங்கேயே நின்றேன். மேலே சுவக்கீன் விஷயத்தை வாசித்தார். அன்றைக்கு இழுக்காமல் வேகமாக வாசித்துவிட்டார். வழக்கமான மௌனம் வந்தது. பிரசிடெண்டு தொண்டையைச் செருமினார். அதற்குள் ஆறுச்சாமியின் குரல் கேட்டது.

"நான் முன்மொழியறேனுங்க. கல்லை எடுத்துட்டு வளைவை அகலமாக்கறதுங்க."

யாரும் வழிமொழியவில்லை. சுவக்கீனும் கேட்கவில்லை. ஒருவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. யார் என்று தெரியவில்லை. பிரசிடெண்டு என்றுதான் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். திடீரென்று பலகை அதிர்ந்து என் தலையில் தூசி கொட்டியது. மம்மது மச்சான் எழுந்துவிட்டார்.

"எடுத்து எங்க வெக்கறதுன்னு அதச் சொல்லுங்க மொதல்ல. ரோட்டோரத்துல வீசறதுக்கா? பஸ்ஸு நிக்கற எடம் என்னோட வார்டு. அந்தக் கல்லை அங்கதான் வெக்கணும். நான் முன்மொழியறேன். சுவக்கீனு, எழுதிக்க."

ஆட்சேபணை உண்டா என்று கேட்பதற்குள் எல்லோரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். டீ வந்த பிறகும் பேசாதவர்கள்கூடச் சொன்னார்கள். பத்து வருஷ போர்டில் ஒரே நாளில் இரண்டு தீர்மானம் நிறைவேறியது அன்றுதான். அந்த மச்சில் இருந்தவர்கள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பாசம் அதற்கப்புறம் எந்த சர்க்கார் மேலும் வந்ததில்லை.

கல்லை எடுக்கக் கூலிக்கு ஆள் வைக்க ஆறுச்சாமி சம்மதிக்கவில்லை. மெம்பர்களே போனார்கள். அவர்களில் ஒருவரும் அதுவரைக்கும் ஒரு கல்லைத் தூக்கியதாக ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பிரசிடெண்டு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அப்படிப் பிடி, இப்படிப் பிடி என்று வேலை சொன்னாராம். ஆறுச்சாமி கற்பூரம் காட்டினார். சுவக்கீன் சிலுவை போட்டுக்கொண்டார். மம்மது மச்சான் பிஸ்மில்லா சொல்லிப் பட்டைக் கல்லின் ஒரு முனையைப் பிடித்தார். வண்டியில் ஏற்றிய பிறகு ஆறுச்சாமி மாட்டை முடுக்க விடவில்லை. ஒரு கையைக் கல் மேல் வைத்தபடி ஊர் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுக் கிளம்பச் சொன்னாராம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் எங்கள் கடைக்கு எதிரே, வேப்பமரத்தடியில் நிற்பதாக ஏற்பாடு. அங்கே கல்லை நட்டார்கள். வளைவை வெட்டி முடித்து, முதல் நாள் பஸ் வந்தபோது மாலை, தேங்காய், தமுக்கு, எல்லாம் உண்டு. பிரசிடெண்டு பேசிய பேச்சு முடிவதற்குள் டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டார்.

கல்லில் யார் சுமை இறக்குவார்கள் என்று ஆறுச்சாமி பயந்தது நடக்கவில்லை. பஸ் கூரை மேல் ஏற்ற வேண்டிய மூட்டையும் கூடையும் முதலில் அந்தக் கல்லில்தான் உட்கார்ந்தன. அங்கிருந்து கிளீனர் தோளுக்கு மாற்றினால் லேசாகப் போய்விடும். ஏணியில் ஏற அதைவிட வசதியான உயரம் கிடையாது. பஸ் வரும் நேரத்துக்கு ஆறுச்சாமி வந்து மரத்தடியில் நிற்பார். எங்கும் போக மாட்டார், யாரையும் எதிர்பார்த்தும் வரவில்லை. கல்லில் ஏறுகிற இறங்குகிற சுமையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

எனக்கு ஒரு காலையில் வலி கண்டது. என் வீட்டுக்காரர் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடி வந்தார். மாமியார் என்னைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டி வந்தார். பஸ் வரவில்லை. நிற்க முடியவில்லை. அந்தக் கல்லில் இரண்டு கையையும் ஊன்றித் தலையைச் சாய்த்துக்கொண்டேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. ராசம்மா, நீ கொஞ்சம் பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னேன். எங்கள் மார்க்கத்தில் அப்படிக் கேட்கக் கூடாது. வலியில் இருக்கிறவளுக்கு அல்லாஹ் மன்னிப்பான் என்று விட்டுவிட்டேன்.

பஸ் வந்ததும் ஆறுச்சாமி டிரைவர் பக்கம் போய் ஏதோ சொன்னார். பஸ்ஸில் இருந்த ஆண்கள் எல்லோரும் முன்பக்கம் போய்விட்டார்கள். பின் சீட்டு முழுவதும் எனக்கு. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வளைவில் பஸ் எப்போது திரும்பியது என்றே எனக்குத் தெரியவில்லை. எலப்புள்ளி வந்துவிட்டது என்று மாமியார் சொன்னபோதுதான் கண்ணைத் திறந்தேன்.

அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. ரஹீமா என்று பெயர் வைத்தோம்.

உடம்பு தேறி ஊருக்குத் திரும்பிய அன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். இறங்கியதும் என் வீட்டுக்காரர் பெட்டியை வாங்கப் பின்னால் போனார், மாமியார் இன்னும் படியில் இருந்தார். மரத்தடியில் ஆறுச்சாமி நின்றிருந்தார். கல் அன்றைக்குக் காலியாக இருந்தது. ஒரு மூட்டை, ஒரு கூடை இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, நேராகக் கல்லிடம் போனேன். துணியில் சுற்றிய பிள்ளையை அந்தப் பட்டைக் கல் மேல் கிடத்தினேன். ஒரு கையை அதன் மேல் வைத்தபடி நின்றேன்.

மாமியார் பதறிவிட்டார். செத்தவள் கல்லில் பச்சைப் பிள்ளையைக் கிடத்துகிறாயே என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார். நான் எடுக்கவில்லை. பிள்ளை கையைத் துணிக்கு வெளியே நீட்டிக் கல்லைத் தடவியது. ஆறுச்சாமி ஓரடி முன்னால் வந்தார். பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். தோள் குலுங்கியது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

அதற்கப்புறம் அவர் பஸ் நேரத்துக்கு வருவது நின்றுபோனது. அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று என் வீட்டுக்காரர் விசாரித்துவிட்டு வந்தார். ஒன்றும் இல்லை, கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

மறு வருஷம் கேரளம் வந்தது. மலபாரும் கொச்சியும் ஒன்றாயின. எங்கள் மாடும் நாங்களும் ஒரே சர்க்காருக்குக் கீழே வந்தோம். அந்த மாசக் கூட்டத்தில் பிரசிடெண்டுக்கு ஒரு யோசனை. வளைவின் எதிர்ப் பக்கம் இப்போது யாரையும் கேட்க வேண்டாம், அந்தப் பக்கம் வெட்டிக்கொள்ளலாம். ராசம்மாள் கல்லைப் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம். ஆறுச்சாமிக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். வளைவு ஆறுச்சாமி வார்டு, அவர் முன்மொழிய வேண்டும். ரஹீமா அரிசியில் உட்கார்ந்து வாரி இறைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேலே காது கொடுத்தேன்.

"வேண்டாமுங்க" என்றார் ஆறுச்சாமி. "அந்தக் கல்லுல கௌலத்தம்மிணி புள்ளைய எறக்கி வெச்சுதுங்க. அன்னிக்கே ராசம்மாளுக்கு எறங்கிருச்சு. இனி அது இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

அரிசியில் ஒரு பொட்டுத் தூசி விழவில்லை. இதை என்னவென்று எழுதுவது என்று சுவக்கீன் மெதுவாகக் கேட்டார்.

"ஒத்தி வெச்சதா எழுதிக்க" என்றார் பிரசிடெண்டு.

அந்த வாரச் சந்தையில் மொக்கையன் அதற்கும் தமுக்கடித்தான்.